டம்மி டக்: முன்பணம் கட்டும் முன்

கேள்வி: எனக்கு 38 வயது. இரண்டு குழந்தைகளும் சிசேரியன். 14 கிலோ குறைத்த பிறகும் அடிவயிற்றுத் தோல் மடிந்து தொங்குகிறது. சென்னையில் ஒரு கிளினிக்கில் டம்மி டக் (வயிற்றில் தொங்கும் தோலை வெட்டித் தைக்கும் ஆபரேஷன்) செய்தால் ஒரே வாரத்தில் ஆபீஸ் போகலாம் என்கிறார்கள். இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். கட்டலாமா? மெடிக்ளெய்ம் கிடைக்குமா?

பதில்: இப்போது கட்டாதீர்கள். ஆடித் தள்ளுபடி புடவைக்குச் சரி, மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஆபரேஷனுக்கு எதற்கு?

டம்மி டக் எடை குறைக்கும் வழி அல்ல. அதைப் புரிந்துகொண்டுதான் முதலில் எடையைக் குறைத்திருக்கிறீர்கள், நல்லது. தொங்கும் தோலை வெட்டி எடுப்பார்கள். பிரசவத்தில் விலகிப்போன வயிற்றுத் தசைகளை நடுவில் இழுத்துத் தைப்பார்கள். சிசேரியன் தழும்பு பெரும்பாலும் வெட்டிய தோலோடு போய்விடும். ஆனால் இடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை புதுத் தழும்பு வரும். அது மங்க ஒரு வருடமாவது ஆகும், முழுசாக மறையாது. மூன்றாவது குழந்தை யோசனை இருந்தால் தள்ளிப்போடுங்கள், தைத்த தசை திரும்ப விரியும்.

ஒரு வாரத்தில் ஆபீஸா? அந்த வாரம் வீட்டுக்குள்ளேயே கூனிக்கொண்டுதான் நடப்பீர்கள். நீர் வடியக் குழாய் வைத்திருந்தால் அதுவும் கூடவே வரும். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கே இரண்டு மூன்று வாரம் லீவு வேண்டும். சுமார் 6 வாரம் வயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பெல்ட் போட வேண்டும். தண்ணீர் கேன், சிலிண்டர், ஏன், சின்னக் குழந்தையைக்கூட அதுவரை தூக்கக் கூடாது. தொப்புளுக்குக் கீழே மரத்துப்போன உணர்வு மாதக்கணக்கில் இருக்கலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தம் உறைந்திருக்கலாம். அப்போது அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அழகுக்கான சிகிச்சைக்கு மெடிக்ளெய்ம் தர மாட்டார்கள். தொப்புள் குடலிறக்கமும் (ஹெர்னியா) இருந்தால் அதைச் சரிசெய்யும் செலவுக்கு மட்டும் கேட்டுப் பார்க்கலாம். ஜிஎஸ்டி விலக்கும் இதற்கு இல்லை, அதனால் சொன்ன தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மயக்க மருந்து டாக்டர் கட்டணம், ரூம் வாடகை, பெல்ட், அப்புறம் முக்கியமாக, காயத்தில் நீர் கோத்தாலோ சீழ் பிடித்தாலோ திரும்பச் சேர்க்கும் செலவு யாருடையது என்பது, எல்லாம் எழுத்தில் வேண்டும். கத்தி வைக்கப்போகிறவர் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது அதற்கு இணையாகப் படித்தவரா, அவசரத்துக்கு ஐசியு அதே கட்டடத்தில் உண்டா என்றும் கேளுங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.