தப்பான செய்திக்கு அரசு அபராதம் போடலாமா?

கேள்வி: ஈரோட்டு ஏலத்தில் விரலி மஞ்சளுக்கு விழுந்த அதிகபட்ச விலையை மட்டும் 'இன்றைய மஞ்சள் விலை' என்று ஒரு பேப்பர் போட்டுவிட்டதுங்க. நம்பி மூட்டை ஏற்றிப் போனவர்களுக்கு வண்டி வாடகை தண்டம். இப்படிப் போடுகிறவர்களுக்கு அரசே அபராதம் போட்டால் என்ன?
- ஒரு வாசகர், கோபி

பதில்: அந்த விலை ஏலத்தில் விழுந்தது நிஜம்தானே? அப்புறம் எதைப் பொய் என்று அதிகாரி எழுதுவார்? விலைச் செய்தியில் தப்பு பெரும்பாலும் எண்ணில் இருக்காது, விட்டுப்போனதில் இருக்கும். விரலியா கிழங்கா, குறைந்தபட்சம் என்ன, எத்தனை மூட்டை விற்றது, எந்த விற்பனைக்கூடம் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் விலை.

அபராத அதிகாரம் மஞ்சளோடு நிற்காது என்பது இன்னொன்று. பவானிசாகர் தண்ணீர்த் திறப்பு, நொய்யல் சாயக்கழிவு பற்றிய செய்தியையும் அரசே சரிபார்க்கும். அங்கே அரசும் ஒரு தரப்பு. ஒன்றிய அரசைப் பற்றிய இணையச் செய்திகளில் எது பொய் என்று அதன் பிரிவே சொல்ல 2023இல் விதி வந்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கலவரப் புரளிக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று 2023 மார்ச்சில் போலி வீடியோ பரவியபோது, இருந்த சட்டத்திலேயே போலீஸ் வழக்குப் போட்டது.

நீங்கள் செய்யக்கூடியது: முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். தேதி, பக்கம், தப்பான வரி, அன்றைய ஏல விவரம் நான்கும் இருக்கட்டும். போனில் திட்டியதற்குச் சாட்சி கிடையாது. பதிவுத் தபால்தான் நல்லது. திருத்தம் வராவிட்டால், பத்திரிகைகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் டெல்லியிலுள்ள பிரஸ் கவுன்சிலுக்குப் போங்கள். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த 2 மாதத்துக்குள் புகார் போக வேண்டும். செய்தியின் நறுக்கு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடித நகல், இதே விஷயம் கோர்ட்டில் இல்லை என்ற உறுதிமொழி எல்லாம் வேண்டும். பலர் மொழிபெயர்ப்பில்தான் கோட்டை விடுகிறார்கள். 1978 சட்டப்படி கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. வண்டி வாடகை திரும்பி வராது.

கேள்வி: டி.வி.யில் வந்திருந்தால்?

பதில்: பிரஸ் கவுன்சிலுக்கு டி.வி. மேல் அதிகாரம் இல்லை. சேனலுக்கே புகார் அனுப்புங்கள். 2021 கேபிள் டி.வி. விதிப்படி 24 மணி நேரத்தில் ஒப்புகையும் 15 நாளில் முடிவும் தர வேண்டும். திருப்தியில்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுயஒழுங்கு அமைப்பில் மேல்முறையீடு. கேபிள் டி.வி. நிகழ்ச்சி விதிகளில் 'அரை உண்மை'யும் தடை செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் மஞ்சள் விலைக்கு அந்த வார்த்தைதான் பொருந்தும், புகாரில் அதையே எழுதுங்கள்.