எஃப்.எஸ்.ஐ. சிமுலேஷன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஓடும் காற்றோ நீரோ ஒரு பொருளை வளைக்கிறது. வளைந்த பொருள் அந்த ஓட்டத்தையே மாற்றுகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவது எஃப்.எஸ்.ஐ. (ஃப்ளூயிட்-ஸ்ட்ரக்சர் இன்டராக்ஷன்). வந்த கேள்விகளில் பாதி, மென்பொருளில் எந்த ஆப்ஷனைத் தேர்வது என்றுதான் கேட்கின்றன. எது எதை அசைக்கிறது, எவ்வளவு அசைக்கிறது என்பதை முதலில் தாளில் எழுதிப் பாருங்கள். ஆப்ஷன் பெரும்பாலும் அதிலேயே முடிவாகிவிடும்.

சோலார் பேனல் மீதான காற்றுச் சுமைக்கு டூ-வே கப்ளிங் வேண்டும் என்கிறார் கைடு. ஒன்-வே போதாதா?

ஒன்-வே என்றால் ஓட்டத்தின் விசை மட்டும் பொருளுக்குப் போகும்; டூ-வேயில் பொருளின் அசைவும் ஓட்டத்துக்குத் திரும்பும். நிலையான சட்டத்தில் இறுக்கிய பேனல் என்றால் ஒன்-வே போதும். ஆன்சிஸின் ஓட்ட மென்பொருளான ஃப்ளூயன்டில் அழுத்தத்தைக் கணக்கிட்டு, அதன் திடப்பொருள் மென்பொருளான மெக்கானிக்கலுக்கு அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால், வளைந்த வடிவத்தை வைத்து ஃப்ளூயன்டை இன்னொரு முறை ஓட்டுங்கள். சுமை மாறவில்லை என்றால் டூ-வே வீண் செலவு.

ஆனால் சூரியனைப் பின்தொடரும் ஒற்றை அச்சு டிராக்கர் என்றால் கைடு சொல்வதுதான் சரி. நீண்ட குழாய் ஒன்றின் மேல் வரிசையாகப் பேனல்கள் இருக்கும். குழாய் சற்று முறுகினால் காற்று தாக்கும் கோணம் மாறும், அது குழாயை மேலும் முறுக்கும். 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் டகோமா நாரோஸ் பாலம் மணிக்கு ஏறத்தாழ 65 கி.மீ. காற்றிலேயே முறுகி விழுந்ததும் இப்படித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் அசைவால்தான். ஒன்-வேயில் அசைவு ஓட்டத்துக்குத் திரும்பிப் போவதே இல்லை. அதனால் இந்த ஆபத்து அதில் தெரியவே தெரியாது.

சார், மென்மையான குழாயில் ரத்த ஓட்டம். சில டைம் ஸ்டெப்பிலேயே (கணக்கின் நேரத் துண்டு) டைவர்ஜ் ஆகிறது (எண்கள் கட்டுமீறுகின்றன). டைம் ஸ்டெப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தேன், இன்னும் சீக்கிரமே டைவர்ஜ் ஆகிறது!

உங்கள் செட்டப்பில் பிழை இருக்க வேண்டும் என்றில்லை. இதற்கு ஆடெட் மாஸ் எஃபெக்ட் என்று பெயர். சுவர் நகர்ந்தால் அதை ஒட்டிய ரத்தமும் கூடவே நகர வேண்டும். ஆக, சுவர் தன் நிறையோடு அந்த ரத்தத்தின் நிறையையும் சுமக்கிறது. எஃகு இறக்கை காற்றில் இருக்கும்போது இது பொருட்டே இல்லை: எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ, காற்று 1.2 கிலோ. ரத்தமோ 1,060 கிலோ. ரத்தக்குழாயின் சுவரும் கிட்டத்தட்ட அதே அடர்த்திதான், அதுவும் மெல்லிய சுவர். ஒவ்வொரு டைம் ஸ்டெப்பிலும் இரண்டு சால்வரும் (ஓட்டத்தையும் சுவரையும் தனித்தனியே கணக்கிடும் நிரல்கள்) ஒரே ஒருமுறை மட்டும் தகவல் மாற்றிக்கொண்டால், சுவர் சுமக்கும் இந்தக் கூடுதல் நிறையின் விசை எப்போதும் ஒரு படி பிந்தியே வந்து சேரும். அமுக்க முடியாத திரவத்தில் டைம் ஸ்டெப்பைக் குறைத்தால் இந்தப் பிழை அடங்காது, முன்னதாகவே வெடிக்கும். சாதாரண சி.எஃப்.டி.யில் (ஓட்டத்தை மட்டும் கணக்கிடுவதில்) கைகொடுக்கும் வைத்தியம் இங்கே எதிராக வேலை செய்கிறது. இதை யாரும் முன்கூட்டியே சொல்லித்தராததால் மாணவர்கள் வாரக்கணக்கில் மெஷ்ஷை (கணக்குக்காகப் பகுதியைச் சிறு செல்களாகப் பிரித்த வலை) குறை சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம்தான்.

சரி, என்ன செய்வது? ஒவ்வொரு டைம் ஸ்டெப்புக்குள்ளும் கப்ளிங் இட்டரேஷன்களை, அதாவது இரு சால்வரின் தகவல் பரிமாற்றத்தை, பலமுறை ஓடவிடுங்கள். விசையும் இடப்பெயர்ச்சியும் இரண்டு பக்கமும் ஒத்துவந்த பிறகே அடுத்த ஸ்டெப்புக்குப் போக வேண்டும். இரண்டையும் இணைக்கும் ஆன்சிஸின் சிஸ்டம் கப்ளிங்கில் குவாசி-நியூட்டன் வசதி (முந்தைய இட்டரேஷன்களை வைத்து அடுத்ததைக் கணிப்பது) இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் ரிலாக்சேஷனை (ஒவ்வொரு முறையும் மாற்றத்தில் எவ்வளவு பங்கை ஏற்பது என்பதை) குறைக்கலாம், மெதுவாகத்தான் போகும். ஃப்ளூயன்டின் டைனமிக் மெஷ்ஷில் (அசையும் மெஷ்) இந்த வெடிப்பை அடக்க சொல்யூஷன் ஸ்டெபிலைசேஷன் என்று ஒன்று உண்டு. இட்டரேஷன்கள் முழுமையாகக் கன்வர்ஜ் ஆகிவிட்டால் (எண்கள் நிலைபெற்றுவிட்டால்) அதனால் இறுதி விடை மாறாது. நுழைவு வேகத்தையும் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள்.

நெகட்டிவ் செல் வால்யூம் (ஒரு செல்லின் கன அளவு எதிர்மறை) என்று கணக்கு நின்றுவிடுகிறது.

முதலில் கடைசியாக வந்த இடப்பெயர்ச்சியைப் பாருங்கள். இரண்டு மி.மீ. நகர வேண்டிய சுவர் இரண்டு மீட்டர் நகர்ந்திருந்தால் குற்றம் மெஷ்ஷில் இல்லை, மேலே சொன்ன கப்ளிங்கில். இடப்பெயர்ச்சி நியாயமாக இருந்தால் டிஃப்யூஷன் ஸ்மூதிங் (சுவரின் அசைவை மெஷ் முழுக்கப் பரப்பும் முறை) வையுங்கள். அதன் பாராமீட்டரை 1-லிருந்து 2-க்குள் வைத்தால் சுவரையொட்டிய சின்னச் செல்கள் சுவரோடு சேர்ந்தே நகரும், நசுங்கல் தூரத்துப் பெரிய செல்களுக்குப் போகும். அப்புறம், அசையும் சுவரைத் தொடும் சிமெட்ரி தளத்தை (மாடலைப் பாதியாக வெட்டிய சமச்சீர் தளம்) டிஃபார்மிங் (உருமாறக்கூடியது) என்று அறிவித்தீர்களா? பலர் மறப்பது இதைத்தான்.

பலூனுக்குள் நீர் நிரப்புகிறேன். நுழைவில் வேகம் கொடுத்திருக்கிறேன், வெளியேற வழி இல்லை. ஓடவே மாட்டேன் என்கிறது.

ஓடாது. உள்ளே வந்த நீருக்குச் சரியாக எவ்வளவு விரிய வேண்டும் என்று பலூன் சால்வருக்குத் தெரியாது. கன அளவு ஒரு துளி பிசகினாலும் திரவ சால்வருக்கு விடையே கிடையாது. நுழைவில் வேகத்துக்குப் பதில் அழுத்தம் கொடுங்கள், அல்லது நீருக்குச் சிறிது அமுங்கும் தன்மை கொடுங்கள்.

நீருக்குள் இருக்கும் டர்பைன் பிளேடின் இயல் அதிர்வெண் மட்டும் வேண்டும்.

முழு எஃப்.எஸ்.ஐ. தேவையில்லை. பிளேடைச் சுற்றியுள்ள நீருக்கு அக்கூஸ்டிக் எலிமென்டுகள் (நீரின் அழுத்தத்தை மட்டும் கணக்கிடுபவை) வைத்து மோடல் அனாலிசிஸ் (இயல் அதிர்வெண் கணக்கு) செய்யுங்கள்.

லைசன்ஸ் வாங்க வசதியில்லை. இலவச மென்பொருளில் முடியுமா?

தாராளமாக. திரவத்துக்கு ஓப்பன்ஃபோம், திடப்பொருளுக்கு கால்குலிக்ஸ், இரண்டையும் இணைக்க ப்ரீசைஸ். இரு பக்க மெஷ்ஷும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. விசையை அனுப்ப கன்சர்வேட்டிவ் மேப்பிங் (மொத்தம் மாறாது), இடப்பெயர்ச்சிக்கு கன்சிஸ்டென்ட் மேப்பிங் (மதிப்பு அப்படியே போகும்). மாற்றி வைத்தால் விடை தவறாகும்.

உங்கள் சொந்த மாடலுக்கு முன்னால் 2006-ல் டூரெக்கும் ஹ்ரானும் வெளியிட்ட சோதனைக் கணக்கைப் போடுங்கள். 2.5 மீட்டர் நீளக் கால்வாயில் ஒரு உருளை, அதன் பின்னால் 35 செ.மீ. நீள மென்தகடு. முதலில் தகட்டை அசையாமல் வைத்து ஓட்டத்தை மட்டும், பிறகு ஈர்ப்பில் தொங்கும் தகட்டை மட்டும் சரிபாருங்கள். இரண்டும் ஒத்துவந்த பிறகு இணையுங்கள். எஃப்.எஸ்.ஐ.3 என்ற மூன்றாம் நிலையில் தகடும் திரவமும் ஒரே அடர்த்தி, ஆகவே கப்ளிங்குக்கு அதுதான் கடும் சோதனை. அதில் தகட்டின் முனை மேலும் கீழும் சுமார் 34 மி.மீ. வீச்சில், விநாடிக்கு 5.3 முறை ஆட வேண்டும்.