ரத்தக் குழாய்க்குத் தொடுஉணர்ச்சி உண்டா? கேள்வி பதில்

கேள்வி: ரத்தம் வேகமாக ஓடுகிறதா, மெதுவாக ஓடுகிறதா என்பது குழாய்க்கு எப்படித் தெரியும்? நரம்பு சொல்லுமா?

நரம்பு வேண்டியதில்லை. குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் எண்டோதீலியச் செல்களே ரத்தத்தின் உரசலை உணர்கின்றன. தமனியில் அந்த உரசல் ஏறத்தாழ 1 முதல் 2 பாஸ்கல்தான் (பாஸ்கல் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). ரத்த அழுத்தம் 120 என்றால் அது சுமார் 16,000 பாஸ்கல்! அவ்வளவு அழுத்தத்துக்கு நடுவே இந்த அற்ப உரசலைச் செல் தனியாகக் கண்டுகொள்கிறது. உணரும் புரதங்களில் ஒன்று பியசோ1. 2010இல் ஆர்டெம் படபூட்டியன் குழு கண்டுபிடித்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. செல்சவ்வு இழுபட்டால் இந்தப் புரதம் வாயில்போலத் திறந்து கால்சியத்தை உள்ளே விடும். தொடர்ந்து நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும், தசை தளரும், குழாய் விரியும்.

கேள்வி: அப்படியானால் அழுத்தம் கூடினாலும் விரியுமா?

நேர்மாறு. சிறு தமனியின் தசை இழுபட்டால் சுருங்கிக்கொள்ளும். 1902இல் வில்லியம் பெய்லிஸ் விவரித்தது இது. மூளையும் சிறுநீரகமும் அழுத்த ஏற்றத்தாழ்வைத் தாங்குவதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

கேள்வி: கொழுப்பு ரத்தம் முழுக்க ஓடுகிறது. பிறகு ஏன் கழுத்துத் தமனி கிளை பிரியும் இடத்திலேயே படிகிறது?

அங்கே ரத்தம் சுழன்று முன்னும் பின்னும் அலைகிறது. நேரான ஓட்டத்தில் செல்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு வரிசையாக அமையும். இங்கே தாறுமாறாகக் கிடந்து அழற்சிக்கும், அதனால் கொழுப்புப் படிவதற்கும் இடம் கொடுக்கும். கொலஸ்டிரால் அளவை மட்டும் பார்த்துப் பயப்படுபவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: டயாலிசிஸுக்காக அப்பாவின் மணிக்கட்டில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள், டாக்டர். ஊசி குத்தப் பல வாரம் பொறுக்கச் சொல்கிறார்கள். ஏன் இவ்வளவு தாமதம்?

சிரையைத் தமனியோடு நேரடியாக இணைக்கும் இந்த முறையை நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ குழுவினர் 1966இல் வெளியிட்டார்கள். இணைத்தவுடன் சிரைக்குள் ரத்தம் பல மடங்கு பாய்கிறது, உரசல் எகிறுகிறது. அதைப் பழைய அளவுக்குக் குறைக்கச் சிரை தன்னையே அகலமாக்கிக்கொள்கிறது. அதே ஓட்டத்தில் விட்டம் இரட்டித்தால் உரசல் எட்டில் ஒரு பங்காகிவிடும். கூடவே, அழுத்தத்தைத் தாங்கச் சுவரும் தடிக்கிறது. ஏறத்தாழ 6 மி.மீ. விட்டமும் நிமிடத்துக்கு 600 மி.லி. ஓட்டமும் வந்தால் ஊசிக்குத் தயார் என்பது பொதுக் கணக்கு. அவசரப்பட்டுக் குத்தினால் மெல்லிய சுவர் கிழிந்து ரத்தம் கட்டிக்கொள்ளும்.

தினமும் அதன்மேல் விரல் வைத்துப் பாருங்கள். விர்ரென்று ஓர் அதிர்வு தெரிய வேண்டும். அது நின்றுவிட்டால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவும் விடாதீர்கள்.