10சி படிவமும் ஒரகடத்துத் தம்பியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் சி.என்.சி. (கணினி வழி இயங்கும் மெஷின்) ஆபரேட்டராக இருக்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல், வயது 28. ஆறு வருடமாக அதே மெஷின், ஆனால் காண்ட்ராக்டர் மூன்று பேர் மாறிவிட்டார்கள். முதல் ஆளிடம் மூன்று வருடம் முடிந்தபோது பி.எஃப்., பென்ஷன் இரண்டையும் எடுத்து பைக் வாங்கினேன். இப்போது மூன்றாவது காண்ட்ராக்டும் முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பதையும் எடுத்து 60,000 ரூபாய் கட்டி ஏ.ஐ. கோர்ஸ் சேரலாமா? இல்லை, ஃபுட் டெலிவரிக்குப் போகலாமா? இனி எந்த வேலைக்கு எதிர்காலம் உண்டு?

ச., ஸ்ரீபெரும்புதூர்

அன்புள்ள ச.,

கோர்ஸ் வேண்டாம். மெஷின் ஓட்டத் தெரிந்தவர் அடுத்து செட்டிங்கும் புரோகிராமும் கற்க வேண்டும், பிறகு பி.எல்.சி. (தானியங்கி மெஷின்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி). கிண்டியில் மத்திய அரசின் தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் (என்.எஸ்.டி.ஐ.) இருக்கிறது. வேலையில் இருப்பவர்களுக்கான குறுகியகாலப் பயிற்சி எப்போது என்று அங்கே போய்க் கேளுங்கள். எந்த வேலைக்கு எதிர்காலம் என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன், அதற்குப் பதில் சொல்கிறவர்களே கோர்ஸும் விற்கிறார்கள். ஒரே மெஷினில் ஆறு வருடம் நிற்பவரைக் காண்ட்ராக்ட் தொழிலாளி என்று வைத்திருக்கலாமா என்பது தொழிற்சங்கத்தோடு சேர்ந்து கேட்க வேண்டியது.

உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது பைக் வாங்கிய வரிதான். பைக் வாங்கியதில் தவறில்லை. பி.எஃப். உங்கள் சேமிப்பு, அவசரத்துக்கு எடுத்தீர்கள், சரி. பென்ஷனை ஏன் தொட்டீர்கள்? பிரவுசிங் சென்டரில் பி.எஃப். எடுக்கும் படிவம் 19-ஐப் போடும்போதே, பென்ஷன் பணத்தை எடுக்கும் 10சி-யையும் சேர்த்துத் தட்டிவிடுகிறார்கள். அது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

கணக்கைப் பாருங்கள். உங்கள் பங்கு 12 சதவீதம் முழுக்க பி.எஃப்.புக்குப் போகிறது. முதலாளியின் 12-இல் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்கு, மீதி 3.67 பி.எஃப்.புக்கு. பென்ஷனுக்குக் கணக்கிடும் சம்பளத்தின் உச்சம் 15,000, ஆகவே மாதம் 1,250-க்கு மேல் போகாது. அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால், மூன்று வருட சர்வீஸுக்கு 10சி-யில் கையில் வந்தது ஏறக்குறைய 36,000 ரூபாய். அதற்கு விலையாக அந்த மூன்று வருடமும் அழிந்தது. 58 வயதில் பென்ஷன் வேண்டுமானால் 10 வருட சர்வீஸ் வேண்டும் (ஆறு மாதமும் அதற்கு மேலும் முழு வருடமாகச் சேரும், ஆகவே ஒன்பதரை போதும்). பென்ஷன் என்பது சம்பளத்தைச் சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தது. 15,000 சம்பளத்தில் ஒவ்வொரு வருட சர்வீஸுக்கும் ஆயுள் முழுக்க மாதம் 214 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் பத்து வருடம் தேறாவிட்டால் அதுவும் இல்லை.

"இன்னும் முப்பது வருடம் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறதா? அப்பா காலத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தால் சர்வீஸை அந்தக் கம்பெனியின் பதிவேடே சுமந்தது. உங்களுக்கு மூன்று வருடம் இங்கே, இரண்டு வருடம் அங்கே, நடுவில் டெலிவரி, பிறகு ஒரு கடை என்றுதான் போகப்போகிறது. டெலிவரி ஓட்டும் வருடங்களுக்கு பி.எஃப். கிடையாது. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, செயலி நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் தர வேண்டும் என்கிறது. அது பொது நிதிக்குப் போவது, உங்கள் பெயரில் சர்வீஸாக ஏறுவதில்லை. பி.எஃப். பிடிக்கும் வருடங்கள் உங்கள் தலைமுறைக்கு எண்ணி வாழ வேண்டியவை. இன்னொன்று: 2014 செப்டம்பருக்குப் பிறகு, 15,000-க்கு மேல் அடிப்படைச் சம்பளத்தில் புதிதாகச் சேர்பவருக்குப் பென்ஷன் திட்டம் கிடையாது. பழைய சர்வீஸை 10சி-யில் கரைத்துவிட்டு, நாளை நல்ல சம்பளத்தில் சேர்ந்தால் கதவு சாத்தியிருக்கும்.

இனி செய்ய வேண்டியது. புது காண்ட்ராக்டரிடம் பழைய யு.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள். பி.எஃப். உறுப்பினர் தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து, விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். காண்ட்ராக்டர் போடவில்லையென்றால், விலகி இரண்டு மாதம் கழிந்தபின் ஆதார் ஓ.டி.பி. வைத்து நீங்களே போடலாம். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்துக்குள் வரும் தேதியைப் போடுங்கள். அடுத்த இடத்தில் சேர்ந்த தேதியைத் தாண்டிவிட்டால் இரண்டு சர்வீஸும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, பழைய கணக்கைப் புதுக் கணக்குக்கு மாற்றுவது நின்றுபோகும். பெயரையும் பாருங்கள். ஆதாரில் இன்ஷியல் முன்னால், பி.எஃப்.பில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால் என்று நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். கூட்டு உறுதிமொழி (ஜாயின்ட் டிக்ளரேஷன்) கொடுத்துத் திருத்திவிட்டுப் பிறகு கணக்கு மாற்றத்துக்குப் போடுங்கள்.

மாற்றியபின் பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் பூஜ்ஜியம் நிற்கும். பயந்துபோய் 10சி போடாதீர்கள்! அந்தப் பணம் பென்ஷன் நிதியிலேயே இருக்கும், உங்களோடு வருவது சர்வீஸ் மட்டும். அது இணைப்பு கே (Annexure K) என்ற கணக்கு மாற்ற ஆவணத்தில் இருக்கும், பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேலை உடனே இல்லையென்றால் அதே 10சி-யில் பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிஃபிகேட் கேட்கலாம், சர்வீஸ் அழியாமல் நிற்கும்.

ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் முந்தைய மாதப் பணம் கட்டியிருக்க வேண்டும். 20-ஆம் தேதி வாக்கில் பாஸ்புக்கைப் பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டவில்லை என்றால் காண்ட்ராக்டரோடு மல்லுக்கட்டி நிற்காதீர்கள், முதன்மை நிறுவனமும் (நீங்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலை) அதற்குப் பொறுப்பு. சம்பளச் சீட்டையும் ஐ.டி. கார்டு நகலையும் வைத்து பி.எஃப்.பின் குறைதீர்க்கும் தளத்தில் புகார் கொடுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது காண்ட்ராக்டர்களிடம் இருந்த மூன்று வருடம் இன்னும் உங்களிடம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அந்த இரண்டு காண்ட்ராக்டர் வரியிலும் விலகிய தேதி இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.