‘கேட்டியளா’வுக்குக் கேள்விக்குறி வேண்டுமா?
வணக்கம். நாகர்கோவிலில் பதிவுசெய்த உங்கள் மாமியாரின் பேச்சை எழுத்தாக்கும்போது, அடிக்கடி வரும் ‘கேட்டியளா’வுக்கு (‘கேட்டீர்களா’ என்பதன் வட்டார வடிவம்) கேள்விக்குறி இடுவதா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் வேண்டாம். ‘நாளைக்கு வாங்க, கேட்டியளா’ என்பவர் நம் காதைச் சோதிக்கவில்லை. (நானும் தொடக்கத்தில் ‘கேட்டேன்’ என்று பதில் சொன்னவன்தான்.) வாக்கிய இறுதியில், மறுமொழியை எதிர்பாராத இடங்களிலும் அச்சொல் பழகப் பழக, கேட்டல் என்னும் வினைப்பொருள் தேய்ந்து, சொன்னதை மனத்தில் இருத்தும்படி கேட்டுக்கொள்ளும் பணியே எஞ்சியது. ‘ஆகு’ வினையின் நிபந்தனை வடிவமான ‘ஆனால்’, முரணைக் காட்டும் இணைப்புச்சொல்லானதும் இத்தகைய தேய்வே. ஆயினும் வினை முழுதும் மறையவில்லை: இளையவரிடம் ‘கேட்டியா’, மூத்தவரிடம் ‘கேட்டியளா’ என விகுதி மாறுகிறது, இதே பணியைச் செய்யும் மலையாளத்துக் ‘கேட்டோ’வில் அவ்வேறுபாடு இல்லை. உங்கள் மாமியார் பேச்சை நிறுத்தி உங்கள் பதிலுக்குக் காத்திருந்த இடங்களில் மட்டும் கேள்விக்குறி இடுங்கள்.