வேலையிலயும் வீட்டிலயும் நான் நானா இருக்கிறது எப்பிடி?

தங்கச்சி, வேலையில ஒரு முகம் வீட்டில ஒரு முகம், இதில உண்மையான நான் ஆரெண்டு கேட்டிருக்கிறீங்கள். நான் திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில ஒரு ஹோட்டல் ரிசெப்ஷன்ல ஏழு வருசம் நிண்டனான், சீசன் முழுக்கச் சிரிச்ச முகம்தான், அது பொய்யில்ல, அது வேலை. வினிகொட் எண்ட இங்கிலாந்து பிள்ளைகள் டொக்டர், உளப்பகுப்பாய்வும் செய்தவர், 1960இல 'பொய்யான சுயம்' பற்றி எழுதேக்க மரியாதைக்குப் போடுற மெல்லிய முகம் சுகமான ஆளுக்கும் இருக்கும், அது உள்ளுக்கிருக்கிற ஆளை முழுசா மூடினாத்தான் பிரச்சினை எண்ட மாதிரிச் சொல்லியிருக்கிறார்.

என்னை மூடினது வேற விசயம். ஹோட்டலில வெளிநாட்டுக்காரரிட்ட பில்ல உள்ளதவிடக் கூட்டிச் சொல்லச் சொன்னவை, ரெண்டு மாசம் சொன்னன், நித்திரை இல்ல, பிறகு மனேஜரைத் தனியச் சந்திச்சு "சேர், இது மட்டும் என்னால ஏலாது, மற்ற எதெண்டாலும் செய்யிறன்" எண்டன். வேலை போகேல்ல, ஆனா அவர் முகம் குடுத்துக் கதைக்கிறத விட்டிட்டார், அது நொந்தது.

வீட்டிலதான் இன்னும் கஷ்டம். சண்டை வேண்டாமெண்டு மனிசி சொல்லுற எல்லாத்துக்கும் ஓம் போட்டனான், ஒருநாள் டச் பே கடற்கரையில கச்சான் சாப்பிடேக்க அவ கேட்டா, "உங்களுக்கு உண்மையா என்னப்பா பிடிக்கும்?" எனக்குப் பதிலே வரேல்ல. அதுக்குப் பிறகு சின்னனில தொடங்கினன், "இண்டைக்குக் களைப்பா இருக்கு, கோணேஸ்வரத்துக்கு நாளைக்குப் போவமே" எண்டு. நீங்களும் அப்பிடிச் சின்ன 'இல்ல' ஒண்டில தொடங்குங்கோ.