ஜெர்மனியில் என் மசாலாப் பொடியின் பெயரையும் லோகோவையும் காப்பிரைட் செய்ய எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

எங்கேயும் விண்ணப்பிக்க வேண்டாம். விண்ணப்பித்து வாங்குகிற காப்பிரைட் ஜெர்மனியில் கிடையாது. ஒருவர் சொந்தமாக ஒன்றை எழுதினாலோ வரைந்தாலோ அப்போதே உரிமை அவருக்கு வந்துவிடும். அவர் இறந்த பிறகும் 70 ஆண்டுகள் இருக்கும். பெயருக்கு நீங்கள் தேட வேண்டியது டிரேட் மார்க். அதை ம்யூனிக்கில் இருக்கும் ஜெர்மன் பேட்டன்ட், டிரேட் மார்க் அலுவலகத்தில் (டிபிஎம்ஏ) பதிவு செய்யலாம், ஆன்லைனிலேயே.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். லோகோவை வரைந்தது யார்? நீங்களேயா, காசு கொடுத்து வரையச் சொன்னீர்களா? காசு கொடுத்துவிட்டதால் லோகோ முழுக்க நம்முடையது என்று நானும் நினைத்திருந்தேன். இங்கே சட்டம் வேறு. வரைந்தவரின் காப்பிரைட்டை உயிரோடு இருக்கும்வரை அவராலேயே இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. பயன்படுத்தும் உரிமையை மட்டும்தான் தர முடியும். எதற்கெல்லாம் என்று எழுதிக்கொள்ளவில்லை என்றால், எந்த வேலைக்காக வரைந்தாரோ அந்த அளவுக்குத்தான் தந்தார் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். பாக்கெட் லேபிளுக்கென்று எங்களுக்கு வரைந்து கொடுத்தவர், அதையே கடைப் பலகையிலும் டி-ஷர்ட்டிலும் போட்டபோது மறுபடி பணம் கேட்டார். கொடுத்தோம். எல்லா லோகோவுக்கும் காப்பிரைட் வராது என்பதும் உண்மைதான், வெறும் எழுத்தாக இருந்தால் கஷ்டம். இருந்தாலும் 2013-இல் ஒரு மர பொம்மை ரயில் வழக்கில் ஜெர்மன் உச்ச நீதிமன்றம், பயன்பாட்டுக் கலைக்கு (லோகோ, பொம்மை மாதிரி ஏதாவது உபயோகத்துக்காகச் செய்யும் வடிவமைப்புக்கு) மட்டும் காப்பிரைட் தரக் கூடுதல் தகுதி கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதனால் ‘இது வெறும் லோகோதானே’ என்று விட்டுவிடாதீர்கள். எல்லாப் பயன்பாட்டுக்கும், எல்லா நாட்டுக்கும், காலவரையின்றி, உங்களுக்கு மட்டும் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

சரி, இப்போது பதிவு. நாங்கள் ஆன்லைனில் கட்டியது 290 யூரோ. அதில் மூன்று வகுப்புகள் அடக்கம். பொருள், சேவை எல்லாவற்றையும் மொத்தம் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மசாலாப் பொடி 30. காய்கறி ஊறுகாய் 29. உணவகம் 43. நாங்கள் அவசரத்தில் 30 மட்டும் போட்டோம். அடுத்த வருடம் எலுமிச்சை ஊறுகாய் போட ஆரம்பித்தபோதுதான், விண்ணப்பித்த பிறகு பட்டியலில் எதையும் சேர்க்க முடியாது என்று தெரிந்தது. புது விண்ணப்பம், புதுக் கட்டணம். முதலிலேயே சேர்த்திருந்தால் ஒரு சென்ட் கூடுதலாக ஆகியிருக்காது. அதனால் அடுத்த சில வருடங்களில் என்னவெல்லாம் விற்பீர்கள் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். ஆனால் ஐந்து வருடம் பயன்படுத்தாமலே வைத்திருந்தால் அந்தப் பொருளுக்கான உரிமையை இன்னொருவர் ரத்து செய்யக் கேட்கலாம்.

‘கரம் மசாலா’ மாதிரி பொருளின் பெயரையே பிராண்டாகக் கேட்டால் தரமாட்டார்கள். ஆனால் உங்கள் பெயரைப் போலவே ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று அலுவலகம் பார்க்காது! பதிவாகி வெளியான பிறகு, பழைய உரிமையாளருக்கு எதிர்ப்புத் தெரிவிக்க மூன்று மாதம் உண்டு. வக்கீல் நோட்டீஸும் வரலாம். தேடுவது நம் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றிய டிரேட் மார்க்குகளும் ஜெர்மனியில் செல்லும் என்பதால் இரண்டையும் பாருங்கள். டிஎம்வியூ தளத்தில் இலவசமாகவே தேடலாம். உச்சரித்தால் ஒரே மாதிரி கேட்கும் பெயர்களையும் விடாதீர்கள்.

பதிவு 10 ஆண்டுகளுக்கு, அப்புறம் புதுப்பிக்கலாம். பிற்பாடு ஒன்றியம் முழுவதும் விற்பதாக இருந்தால், ஜெர்மன் விண்ணப்பத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் ஸ்பெயினின் அலிகான்டேயில் இருக்கும் ஒன்றிய அலுவலகத்தில் போடுங்கள். ஜெர்மனியில் விண்ணப்பித்த தேதியே அதற்கும் கிடைக்கும்.

கடைசியாக, போலி பில். பதிவேடு பொதுவானது, உங்கள் முகவரியும் அதில் தெரியும். எங்களுக்குப் பதிவான சில வாரங்களில் ஒரு கடிதம் வந்தது. மேலே ஜெர்மன் அரசுச் சின்னம் மாதிரி ஒரு கழுகு, நடுவில் எங்கள் லோகோ, சரியான பதிவு எண், கீழே பணம் அனுப்பும் படிவம். அரசாங்கக் கடிதம் என்றே என் மனைவி பணம் கட்டக் கிளம்பிவிட்டாள். கணக்கு எண்ணைப் பார்த்தோம், வேறொரு நாட்டு வங்கி. டிபிஎம்ஏ கட்டணம் ‘புண்டஸ்காஸ’ என்ற அரசுக் கருவூலக் கணக்குக்குத்தான் போகும். அந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒன்று வந்தால் கட்டுவதற்கு முன் இங்கே எழுதுங்கள், ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.